எந்த அஞ்சு நிமிஷம், மிஸ்?

மழலையர் வகுப்பு ஆசிரியர்களுக்கும், அவர்களுக்குப் பாடத்திட்டம் வகுத்துக் கொடுப்பவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ளவர்களுக்கு,

வகுப்பு முடிந்து எல்லாக் குழந்தைகளும் போன பிறகு ஒரே ஒரு பையன் மட்டும் பையை மாட்டிக்கொண்டு கதவோரம் நின்றிருந்தான். நான்கு வயது. "அம்மா எப்ப வருவாங்க?" என்றான். நோட்டுகளை அடுக்கிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அஞ்சு நிமிஷத்துல வந்துடுவாங்க" என்றேன். அம்மா வர முக்கால் மணி நேரம் ஆனது. இடையில் அவன் நான்கைந்து முறை கேட்டான். நானும் ஒவ்வொரு முறையும் அதே ஐந்து நிமிடத்தை எடுத்து நீட்டினேன். மறுநாளும் அம்மா வரத் தாமதம். பழக்க தோஷத்தில் மறுபடியும் அதையே சொன்னேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டான்: "எந்த அஞ்சு நிமிஷம், மிஸ்? நேத்து சொன்னதா, வேற அஞ்சு நிமிஷமா?"

குறும்புக்குக் கேட்கவில்லை. ஐந்து நிமிடத்தில் பல வகை உண்டு என்று நிஜமாகவே நினைத்துக் கேட்டான். அவன் நினைத்ததில் என்ன தப்பு? அவன் அதுவரை பார்த்த ஐந்து நிமிடங்களில் ஒன்று பல் துலக்கும் நேரம், ஒன்று பெரியவர்கள் போன் பேசி முடிக்கும் நேரம், ஒன்று முக்கால் மணி நேரம். அதே வாரம்தான் அவன் வகுப்புக்கு நான் கடிகாரம் நடத்திக்கொண்டிருந்தேன். அட்டையில் வட்டம், நடுவில் பின், இரண்டு முள். "பெரிய முள் பன்னிரண்டில், சின்ன முள் மூன்றில். மணி என்ன?" "மூணு மணி!" என்று அவனும் சேர்ந்து கத்தினான். மதிப்பெண் பட்டியலில் அவனுக்கு 'நேரம் சொல்லத் தெரியும்' என்று டிக் போட்டேன்.

அந்த டிக் பல வருடமாக உறுத்திக்கொண்டிருக்கிறது. இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். கையில் நேரம் இருக்கிறது, எழுதுகிறேன்.

நம் வகுப்புகளில் நேரம் என்ற பெயரில் நடப்பதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். காலையில் வட்டமாக உட்கார்ந்து கிழமைகளைப் பாடுகிறோம். தேதி அட்டையை மாற்றுகிறோம். இன்று என்ன கிழமை, என்ன மாதம், என்ன வருடம் என்று கேட்கிறோம். முன்வரிசையில் இருக்கும் இரண்டு பிள்ளைகள் பதில் சொல்ல, மற்றவர்கள் எதிரொலிக்கிறார்கள். என் வகுப்பில் கிழமைகளைத் தேன் போலப் பாடும் பெண் ஒருத்தி இருந்தாள். ஒருநாள் அவளிடம், "செவ்வாய்க்கு முந்தின நாள் எது?" என்று கேட்டேன். அவள் ஞாயிற்றிலிருந்து பாடத் தொடங்கினாள். செவ்வாய் வந்ததும் நிற்க முடியவில்லை, பாட்டு அவளை இழுத்துக்கொண்டு சனிக்கிழமை வரை போய்விட்டது. மறுபடி ஞாயிற்றிலிருந்து தொடங்கினாள். மறுபடி சனி. அவளுக்குத் தெரிந்தது ஒரு பாட்டு. அதில் நாட்கள் என்று எதுவும் இல்லை. 2008-இல் மூன்று அமெரிக்கக் கல்வியாளர்கள் இந்தத் தினசரி நாட்காட்டிச் சடங்கைப் பற்றி எழுதிய கட்டுரையின் சாரமும் ஏறக்குறைய இதுதான்: நோக்கம் நல்லது, ஆனால் இந்த வயதுக் குழந்தைகளுக்கு நாட்காட்டி என்ற ஏற்பாடு பிடிபடுவதே இல்லை, அந்த நேரத்தை வேறு நல்ல காரியத்துக்குச் செலவிடலாம்.

சரி, பிடிபடுவது எது?

1928-இல் ஸ்விட்சர்லாந்தின் டாவோஸ் நகரில் ஐன்ஸ்டைன், ஜீன் பியாஜே என்ற உளவியலாளரிடம் ஒரு கேள்வியைப் போட்டார். குழந்தைக்கு முதலில் புரிவது காலமா, வேகமா? ஒன்றிலிருந்துதான் மற்றது வருகிறதா? பியாஜே அதைப் பிடித்துக்கொண்டு வருடக்கணக்கில் குழந்தைகளோடு உட்கார்ந்தார். அவர் செய்த சோதனைகளில் ஒன்றை நீங்கள் நாளைக்கே மேசைமேல் செய்து பார்க்கலாம். இரண்டு பொம்மை வண்டிகளை ஒரே கோட்டிலிருந்து ஒரே நொடியில் கிளப்புங்கள். ஒன்றை வேகமாகவும் இன்னொன்றை மெதுவாகவும் தள்ளி, இரண்டையும் ஒரே நொடியில் நிறுத்துங்கள். வேகமாகப் போனது தூரத்தில் நிற்கும். ஐந்து வயதுப் பிள்ளையிடம் எது ரொம்ப நேரம் ஓடியது என்று கேளுங்கள். பெரும்பாலும் தூரத்தில் நிற்கும் வண்டியைத்தான் காட்டும். "ரெண்டும் ஒண்ணாத்தானே நின்னுச்சு?" என்றால், "இல்ல, இது அப்புறம்தான் நின்னுச்சு" என்று சாதிக்கும். கண்ணால் பார்த்த நொடியையே தூரம் தின்றுவிடுகிறது. அந்த வயதில் 'ரொம்ப நேரம்' என்பதும் 'ரொம்ப தூரம்', 'ரொம்ப வேலை' என்பவையும் ஒரே மூட்டையில் கிடக்கின்றன. பின்னால் வந்த ஆய்வாளர்கள், கேள்வியை எளிமையாக்கினால் சிறு பிள்ளைகளும் சரியாகச் சொல்கிறார்கள் என்று காட்டி பியாஜேவை ஓரளவு திருத்தியிருக்கிறார்கள். இருந்தாலும் அந்த மூட்டை இருப்பது நிஜம். வகுப்பில் நானே எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

இன்னொரு பக்கம், அதே குழந்தைக்கு வேறொன்று நன்றாக வருகிறது: வரிசை. மூன்று வயதுப் பிள்ளையிடம் "குளிக்கும்போது என்னென்ன செய்வோம்?" என்று கேளுங்கள். சட்டையைக் கழற்றுவதில் தொடங்கி, கண்ணில் சோப்புப் பட்டு அழுததைத் தாண்டி, துண்டால் துடைப்பது வரை வரிசை பிசகாமல் சொல்லிவிடும். கேத்தரின் நெல்சன் என்ற ஆய்வாளர் 1980-களில் இதைத்தான் விரிவாக ஆராய்ந்தார். பழகிய காரியங்கள் குழந்தையின் மனத்தில் ஒரு நாடகப் பிரதி போல அடுக்கிக் கிடக்கின்றன. எது முன்னே, எது பின்னே என்பது இந்த வயதிலேயே கைவசம் இருக்கிறது. எவ்வளவு நேரம் என்பது மெதுவாக வருகிறது. மணி எத்தனை என்பது எல்லாவற்றுக்கும் கடைசி. நாம் கடைசியில் வர வேண்டியதை முதலில் வைத்துக்கொண்டு, முதலில் இருப்பதைக் கண்டுகொள்ளாமல் விடுகிறோம்.

சொற்களின் கதை இன்னும் சுவாரசியம். கேத்தரின் டில்மன், டேவிட் பார்னர் என்ற இருவர் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், நிமிடத்தைவிட மணி நேரம் பெரிது, மணி நேரத்தைவிட நாள் பெரிது என்பது பள்ளிக்குப் போகுமுன்பே பல குழந்தைகளுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் எவ்வளவு பெரிது? அந்த அளவு பிடிபட ஆறு, ஏழு வயதாகிவிடுகிறது. அதாவது 'நிமிஷம்' என்றால் ஏதோ சின்னது, 'மணி நேரம்' என்றால் ஏதோ பெரியது என்ற மட்டில் சொல் மனத்தில் உட்கார்ந்துவிடுகிறது. உள்ளே சரக்கு பின்னால் வருகிறது. அந்தச் சரக்கை நிரப்புகிறவர்கள் நாம்தான், நாம் சொல்லும் ஒவ்வொரு 'ஒரு நிமிஷம்' மூலமாகவும்.

'நேற்று', 'நாளை' இரண்டும் அதைவிட வில்லங்கமானவை. மேசை எப்போதும் மேசைதான். நாளை மட்டும் ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால் இன்று ஆகிவிடுகிறது. "நாளைக்கு வந்துடுச்சா?" என்று காலையில் எழுந்ததும் கேட்கும் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வீர்கள்? வந்துவிட்டது என்றாலும் பொய், வரவில்லை என்றாலும் பொய். "நேத்து நான் குட்டிப் பாப்பாவா இருந்தேன்" என்பதும் தப்பில்லை. முடிந்துபோனது எல்லாம் அதற்கு நேற்று, வரப்போவது எல்லாம் நாளை. கோடு எங்கே என்று தெரிகிறது, தூரம்தான் தெரியவில்லை. இந்திக்காரப் பிள்ளைகளுக்கு நேற்றும் 'கல்', நாளையும் 'கல்'. வினைச்சொல்லை வைத்துத்தான் பிரித்துக்கொள்ள வேண்டும். தமிழ்ப் பிள்ளைகளுக்கு இரண்டு தனிச் சொற்கள் இருக்கின்றன, அந்த மட்டில் கொடுத்துவைத்தவர்கள்.

தமிழின் இன்னொரு வசதியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஈவ் கிளார்க் என்ற மொழியியலாளர் 1971-இல் மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளை வைத்து, 'முன்', 'பின்' வரும் வாக்கியங்களைச் சோதித்தார். காரியம் நடக்கும் வரிசையிலேயே வாக்கியமும் போனால் குழந்தைகளுக்குப் புரிகிறது. வாக்கியம் வரிசையைப் புரட்டிப் போட்டால் சின்னப் பிள்ளைகள் முதலில் காதில் விழுந்ததை முதலில் செய்துவிடுகிறார்கள். இப்போது நம் வகுப்பைப் பாருங்கள். "வெளியே போறதுக்கு முன்னாடி பொம்மையை எடுத்து வைக்கணும்" என்கிறோம். குழந்தை காதில் முதலில் விழுவது 'வெளியே'. ஓடிவிடுகிறது. நாம் திட்டுகிறோம். இதையே "பொம்மையை எடுத்து வச்சிட்டு வெளியே போகலாம்" என்று சொல்லிப் பாருங்கள். நம் வினையெச்சம் காரியத்தை நடக்கிற வரிசையிலேயே கோத்துக் கொடுக்கிறது: எடுத்து, வைத்து, கை கழுவி, செருப்புப் போட்டு, அப்புறம் வெளியே. நான் இதைக் கண்டுபிடிப்பதற்குள் பணியில் பாதிக் காலம் போய்விட்டது. அதற்குள் எத்தனை பிள்ளைகளைச் 'சொன்ன பேச்சு கேட்காதவர்கள்' என்று சொல்லியிருப்பேனோ.

கடிகாரத்துக்கு வருகிறேன். நமக்குப் பழகிவிட்டதால் அது எவ்வளவு விசித்திரமான பொருள் என்பது மறந்துவிட்டது. ஒரே வட்டத்தில் இரண்டு அளவுகோல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடித்திருக்கிறோம், அதில் ஒன்றுக்கு எண்களே போடவில்லை. 3 என்று எழுதியிருக்கும் இடம் ஒரு முள்ளுக்கு மூன்று, இன்னொரு முள்ளுக்குப் பதினைந்து. பெரிய விஷயத்தைச் சொல்வது சின்ன முள். சின்ன விஷயத்தைச் சொல்வது பெரிய முள். ஒன்பதே முக்காலுக்குச் சின்ன முள் கிட்டத்தட்ட பத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது, குழந்தை 'பத்து' என்றால் நாம் 'தப்பு' என்கிறோம். 'பத்தாக இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு' என்றால் பின்பக்கமாக எண்ண வேண்டும். டிஜிட்டல் கடிகாரம் எளிது என்று நினைக்காதீர்கள். 8:59-க்கு அடுத்து 8:60 ஏன் வரவில்லை என்று கேட்ட பிள்ளைக்கு, பாபிலோன்காரர்கள் அறுபது அறுபதாக எண்ணினார்கள், அது நம் மணிக்கட்டு வரை வந்துவிட்டது என்று விளக்கவா முடியும்?

அதனால் ஐந்து வயதுக்குள் கடிகாரமே வேண்டாம் என்கிறேனா? சுவரில் இருக்கட்டும். ஆனால் பெரிய முள்ளைக் கழற்றிவிடுங்கள். சும்மா சொல்லவில்லை, நான் செய்து பார்த்திருக்கிறேன். ஒற்றை முள் கடிகாரத்தில் குழந்தைகள் இரண்டே வாரத்தில் "ஒன்பதைத் தாண்டிடுச்சு", "பத்துக்கு வரப்போகுது", "நடுவுல நிக்குது" என்று தாங்களாகவே பேசத் தொடங்கினார்கள். சொல்லப்போனால் மனித குலமும் இப்படித்தான் கற்றது. ஆரம்பகால இயந்திரக் கடிகாரங்களுக்கு மணி முள் மட்டும்தான். 1656-இல் ஹைகன்ஸ் என்ற டச்சு விஞ்ஞானி ஊசல் கடிகாரத்தை வடிவமைத்த பிறகுதான் நிமிடத்தை நம்பத் தகுந்த அளவில் காட்ட முடிந்தது, நிமிட முள்ளும் பரவலானது. பெரியவர்களே சில நூற்றாண்டுகள் ஒற்றை முள்ளோடு காலம் தள்ளியிருக்கிறார்கள். நான்கு வயதுப் பிள்ளைக்கு இரண்டு வருடம் கொடுத்தால் என்ன?

இதுவரை சொன்னது பாட விஷயம். நான் இந்த மடலை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இனிமேல்தான் வருகிறது.

மார்ஷ்மெல்லோ சோதனையைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஸ்டான்போர்டில் வால்டர் மிஷெல் தொடங்கிவைத்தது. குழந்தைமுன் ஒரு இனிப்பு. "நான் திரும்பி வரும்வரை தொடாமல் இருந்தால் இரண்டு கிடைக்கும்" என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் வெளியே போவார். காத்திருக்கும் பிள்ளை மனக்கட்டுப்பாடு உள்ள பிள்ளை என்று அதைப் பயிற்சி வகுப்புகளில் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் என்ற ஆய்வாளரும் சகாக்களும் இனிப்பை வைப்பதற்குமுன் ஒரு சின்ன வேலை செய்தார்கள். மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள 28 குழந்தைகள். ஒவ்வொருவருக்கும் பழைய கிரேயான்களைக் கொடுத்து, "கொஞ்சம் பொறுத்தால் இதைவிட நல்லதாகக் கொண்டுவருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பாதிப் பேருக்குச் சொன்னபடி கொண்டுவந்தார்கள். மீதிப் பேரிடம் வெறுங்கையோடு திரும்பி வந்து, "மன்னித்துக்கொள், வேறு இல்லை" என்றார்கள். ஸ்டிக்கர் வைத்தும் அதேபோல ஒருமுறை. அப்புறம்தான் மார்ஷ்மெல்லோ. சொன்ன சொல் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்த குழந்தைகள் 3 நிமிடம். முழுப் பதினைந்து நிமிடமும் தாக்குப்பிடித்தவர்கள் முதல் குழுவில் 14-க்கு 9 பேர். இரண்டாம் குழுவில் ஒரே ஒரு பிள்ளை.

சின்ன ஆய்வுதான், 28 பேர்தான். ஆனால் அதைப் படித்தபோது கதவோரம் பையோடு நின்ற அந்தப் பையன்தான் கண்முன் வந்தான். இரண்டே இரண்டு பொய்யான 'கொஞ்சம் பொறு' ஒரு பிள்ளையின் காத்திருப்பை இவ்வளவு குறைக்கும் என்றால், நாளொன்றுக்கு நாம் எத்தனை சொல்கிறோம்? 'இதோ வந்துட்டேன்.' 'ஒரு நிமிஷம்.' 'ரெண்டு நிமிஷம்.' 'அப்புறம் பார்க்கலாம்.' 'நாளைக்கு.' இவற்றில் எதுவுமே நேரத்தைச் சொல்வதில்லை. 'அப்புறம்' என்றால் மாட்டேன் என்று அர்த்தம். 'நாளைக்கு' என்றால் நீ மறந்துவிடுவாய் என்ற நம்பிக்கை. 'ஒரு நிமிஷம்' என்றால் என்னைத் தொந்தரவு செய்யாதே. குழந்தைகள் இந்த அகராதியை வெகு சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள். என் வகுப்பில் ஒரு பெண் பொம்மைக்குச் சாப்பாடு ஊட்டிக்கொண்டே, "அம்மா ஒரு நிமிஷத்துல வரேன், நீ அழுதுட்டே இரு" என்றாள். நாங்கள் இரண்டு ஆசிரியைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அப்புறம் சிரிப்பு வரவில்லை.

ஆகவே என் வேண்டுகோளில் முதலாவது, மற்ற எல்லாவற்றுக்கும் மேலானது, இதுதான்: பாடம் நடத்துவதற்கு முன் நம் வாயில் வரும் நேரச் சொற்களைச் சரிசெய்துகொள்வோம். நிமிடக் கணக்கு சொன்னால் அது நிஜமான நிமிடமாக இருக்கட்டும். அப்படிச் சொல்ல முடியாத இடத்தில் நிமிடத்தையே எடுக்க வேண்டாம். "இந்தப் பக்கத்தைத் திருத்தி முடிச்சதும் வரேன்" என்று சொன்னால் பக்கம் முடிவதைக் குழந்தை கண்ணால் பார்க்கும். "இன்னும் ரெண்டு தடவை சறுக்கிட்டு இறங்கணும்" என்றால் எண்ணிக்கொள்ளும். "இன்னும் ரெண்டு நிமிஷம்தான்" என்று கத்துவதைவிட இது எவ்வளவோ மேல். மாட்டேன் என்றால் மாட்டேன் என்றே சொல்லிவிடலாம். அழும், அழுது முடிக்கும். ஆனால் 'அப்புறம்' என்ற நல்ல சொல் பிழைத்துக்கொள்ளும்.

'சீக்கிரம்' என்ற சொல்லைப் பற்றியும் கொஞ்சம். ஒருநாள் வேண்டுமென்றே எண்ணிப் பார்த்தேன். காலை முதல் மதியம் வரை முப்பதுக்கும் மேல் சொல்லியிருந்தேன், பாதியில் எண்ணுவதை விட்டுவிட்டேன், வெட்கமாக இருந்தது. ஷூ மாட்ட உட்கார்ந்த பிள்ளை நாடாவின் நுனியில் இருக்கும் பிளாஸ்டிக்கை ஆராய்ந்துகொண்டிருக்கும். அதற்கு மணி தெரியாது, வண்டி போய்விடும் என்பதும் தெரியாது. நம் குரல் ஏறுவது மட்டும் தெரியும். சீக்கிரம் என்றால் அதன் அகராதியில் 'மிஸ் கோபமா இருக்காங்க'. இடது காலா வலது காலா என்று தடுமாறி இன்னும் தாமதமாகும்.

வகுப்பில் செய்து பார்த்தவற்றில் பலித்தவை சிலவற்றைச் சொல்கிறேன், பலிக்காததையும் சேர்த்து.

அன்றாட வேலைகளின் படங்களை ஒரு நீளக் கயிற்றில் வரிசையாகக் கிளிப் போட்டு மாட்டினேன். வருகை, பாட்டு, விளையாட்டு, சாப்பாடு, தூக்கம், கதை, வீடு. ஒரு சிவப்புக் கிளிப் 'இப்போது'. ஒவ்வொரு வேலை முடிந்ததும் ஒரு பிள்ளை அதை நகர்த்தும். ஆச்சரியம், "அம்மா எப்ப வருவாங்க" என்ற கேள்வி பாதியாகக் குறைந்துபோனது. வந்து கயிற்றைப் பார்த்துவிட்டு, "இன்னும் மூணு படம்" என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டு போனார்கள். படங்களை இடமிருந்து வலமாக மாட்டினேன், நாம் அப்படி எழுதுவதால். பார்பரா ட்வெர்ஸ்கியும் சகாக்களும் 1991-இல் வெளியிட்ட ஆய்வில் அரபி பேசும் பிள்ளைகள் காலை, மதியம், இரவு உணவுகளை வலமிருந்து இடமாக அடுக்கும் போக்கைக் காட்டினார்கள், ஆங்கிலம் பேசுபவர்கள் இடமிருந்து வலமாக. காலம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைக்கூட நாம்தான் சொல்லிக்கொடுக்கிறோம் போலிருக்கிறது.

மணல் கடிகாரம் நல்ல பொருள். போவது தெரிகிறது, மீதி இருப்பதும் தெரிகிறது. ஒரே சங்கடம், பிள்ளைகள் பாதியிலேயே கவிழ்த்துவிடுவார்கள். முதல் வாரம் முழுக்கக் கவிழ்த்து விளையாடட்டும் என்று விட்டுவிடுங்கள், அப்புறம் அது கருவியாகும். ஒரு நிமிடத்துக்கு ஒன்று, மூன்று நிமிடத்துக்கு ஒன்று என இரண்டு வைத்துக்கொண்டால், மூன்று நிமிடம் எவ்வளவு நீளம் என்பது சொல்லாமலே விளங்கும். கண்ணை மூடிக்கொண்டு 'ஒரு நிமிஷம் ஆச்சுன்னு தோணினா எழுந்து நில்லு' என்ற விளையாட்டும் உண்டு. பத்தாவது நொடியில் பாதி வகுப்பு எழுந்து நிற்கும். என்னையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்கள். நானும் நாற்பதாவது நொடியிலேயே எழுந்துவிட்டேன்.

நிழல் பாடமும் பலித்தது. காலையில் ஒரு பிள்ளையை வெயிலில் நிற்கவைத்து, பாதத்தைச் சுற்றியும் நிழலைச் சுற்றியும் சாக்பீஸால் கோடு போடுவோம். மதியம் அதே பாதத் தடத்தில் மறுபடி நிற்கவைத்தால் நிழல் கோட்டுக்குள் அடங்காமல் வேறு பக்கம் குட்டியாகக் கிடக்கும். "என் நிழலை யாரோ நகர்த்திட்டாங்க" என்று ஒருத்தி அழுதே விட்டாள். ஒரு நாள் என்பது நகர்கிற சங்கதி என்று அவர்களுக்கு விளங்கியது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

காகிதச் சங்கிலி பாதிதான் பலித்தது. பிறந்தநாளுக்கு இன்னும் ஏழு நாள் என்றால் ஏழு வளையங்கள். தினமும் காலையில் ஒன்றைக் கிழிக்க வேண்டும். மூன்றாம் நாள் ஒரு பையன் மொத்தச் சங்கிலியையும் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றான். "மிஸ், எல்லாத்தையும் கிழிச்சுட்டேன். இன்னைக்குத்தான் பிறந்தநாள்." அவன் கணக்கில் பிழையே இல்லை. வளையம் குறைந்தால் நாள் குறையும் என்று நான்தானே சொன்னேன்? அன்றிலிருந்து ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு நிலா வரைந்து, 'தூங்கி எழுந்தால்தான் இது கிழியும்' என்று விதி வைத்துக்கொண்டோம். சங்கிலியை அவனுக்கு எட்டாத உயரத்தில் மாட்டினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பிறந்தநாளுக்கு மாண்டிசோரி பள்ளிகளில் செய்யும் ஒரு காரியத்தைக் கடன் வாங்கினேன். நடுவில் சூரியனாக ஒரு விளக்கு. குழந்தை உலக உருண்டையைக் கையில் ஏந்தி அதைச் சுற்றி வரும். ஒரு சுற்று ஒரு வயது. ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த வயதில் நடந்த ஒன்றை வீட்டில் கேட்டு வந்து சொல்வோம்: தவழ்ந்தாள், நாயைப் பார்த்துப் பயந்தாள், முதல் சைக்கிள். நான்கு சுற்றோடு நிற்கும் பிள்ளைக்கு, பக்கத்தில் ஐந்து சுற்று சுற்றியவன் மூத்தவன் என்பது காலிலேயே பதிகிறது. பழையதைப் பேசுவது வேறு வகையிலும் உதவுகிறது. "அன்னைக்கு மழை வந்துச்சே, நாம எங்கே ஓடினோம்? அப்புறம் என்ன ஆச்சு?" என்று விவரம் கேட்டுக் கேட்டுப் பேசும் பெற்றோரின் பிள்ளைகள் தங்கள் கடந்தகாலத்தைக் கோவையாகச் சொல்லக் கற்கிறார்கள் என்று ராபின் பைவுஷ் போன்றவர்களின் ஆய்வுகள் காட்டுகின்றன. இதற்குப் பொருள் எதுவும் வாங்க வேண்டாம்.

பாடத்திட்டக் குழுவினருக்கு நேரடியாகச் சில வார்த்தை. நிமிடத்தோடு மணி பார்ப்பதை மழலையர் வகுப்பின் தேர்ச்சிப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். ஐந்தைந்தாக எண்ணத் தெரிந்த பிறகு, ஏழு வயதையொட்டி அதைத் தொடங்கினால், இரண்டு வருடம் மல்லுக்கட்டியும் வராதது சில வாரத்தில் வந்துவிடுகிறது. அதற்குப் பதிலாக முன்-பின், நீளம்-குட்டை, இன்று-நாளை இவற்றைச் செய்கைகளாக வையுங்கள். பயிற்சித்தாள் வேண்டாம். 'நேரம் சொல்லத் தெரியும்' என்ற கட்டத்தை வைத்திருக்கும்வரை எங்களைப் போன்றவர்கள் டிக் போட்டுக்கொண்டேதான் இருப்போம், ஏனென்றால் காலியாக விட்டால் பெற்றோர் சண்டைக்கு வருவார்கள். ஏழு, எட்டு வயதுக்கு மேலும் ஒரு பிள்ளைக்கு நேரத்தைக் கணிப்பது பெரும் பாடாக இருந்தால் அது வேறு விஷயம். கவனக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு இது சகஜம், அவர்களுக்குக் கண்ணுக்குத் தெரியும் நேரக் கருவிகள் பல வருடம் தேவைப்படலாம். அவர்களைச் சோம்பேறி என்று எழுதிவிடாமல் இருக்க ஆசிரியர் கையேட்டில் ஒரு பத்தி சேர்த்துவிடுங்கள்.

அந்தப் பையன் கதையை முடிக்காமல் விட்டுவிட்டேன். அவன் அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகு, "கயிற்றில் கதை முடிஞ்சு, அதுக்கப்புறம் ஒரு புத்தகம் படிச்சதும் அம்மா வருவாங்க" என்று சொல்லப் பழகினேன். பெரும்பாலும் அப்படியே நடந்தது. ஒருநாள் மட்டும் இரண்டு புத்தகம் முடிந்தும் அம்மாவைக் காணோம், போனும் எடுக்கவில்லை. அவன் கேட்டான். 'அஞ்சு நிமிஷம்' நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, "எப்ப வருவாங்கன்னு எனக்குத் தெரியலடா. ஆனா அவங்க வர்ற வரைக்கும் நான் எங்கேயும் போகமாட்டேன்" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தான். பையைக் கழற்றிக் கீழே வைத்தான்.

"அப்ப இன்னொரு புத்தகம் எடுங்க மிஸ். பெருசா எடுங்க."

அன்புடன்,
ஓய்வுபெற்ற மழலையர் வகுப்பு ஆசிரியை ஒருத்தி